சக்கர வீட்டில் கரண்டைக் குடித்தது யார்?

"ஆச்சி, நான் இந்த வண்டிக்குள்ளே ஏறிப் பார்க்கணும்."

கேட்டே விட்டாள். கேட்ட பிறகுதான் சொர்ணவல்லிக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

பெரிய வீட்டுக்குப் போனால் எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். "பேட்டரி வந்தா பேட்டரியைப் பாரு. உள்ளே என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்காதே. உள்ளே வரட்டுமான்னு கேட்கவே கேட்காதே. நம்ம வேலை வாசலோட சரி."

அப்பா சொல்வது சொர்ணவல்லியின் காதில் ஒழுங்காகத்தான் ஏறும். கூடவே "ஏன்?" என்று ஒரு கேள்வியும் ஏறிவிடும். பதினோரு வயதில் அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

மீனாம்பிகை ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்தடி உயரம்தான். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் கொத்தமங்கலத்தில் பாதிப் பேர் குனிந்து நிற்பார்கள். ஆச்சியின் வீடும் அப்படித்தான் மிரட்டும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.

"உனக்கு என்னத்துக்கு உள்ளே?" என்றார் ஆச்சி. "பேட்டரியை மாட்டுனோமா, போனோமான்னு இருக்க வேண்டியதுதானே?"

"மாட்டலாம் ஆச்சி. அஞ்சே நாள்ல மறுபடியும் செத்துப்போகும். மறுபடியும் எங்க அப்பாவைத்தான் திட்டுவீக."

பக்கத்தில் நின்ற டிரைவர் செம்மலைக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆச்சியிடம் யாரும் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971ஆம் வருடம் அது. ஆச்சியின் மகன் பினாங்கிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பிய வண்டி. வண்டி என்றால் வெறும் வண்டி இல்லை. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு வீடு. வெள்ளைத் தகரச் சுவர், பச்சைத் திரை போட்ட ஜன்னல், ஏறி இறங்க ஒரு படி. தானாக ஓடாது. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். கொத்தமங்கலத்துப் பிள்ளைகள் அதற்குச் "சக்கர வீடு" என்று பெயர் வைத்தார்கள்.

ஆச்சிக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆனால் காசிக்குப் போக ஆசை. அதனால்தான் மகன் அடுப்போடும் கட்டிலோடும் ஒரு வீட்டையே அனுப்பிவிட்டான். வருகிற வியாழக்கிழமை புறப்பாடு.

வண்டியின் முன்பக்கம், ஜீப்போடு மாட்டுகிற இரும்புக் கை மேல் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பேட்டரி. உள்ளே இருக்கிற இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, பித்தானை அமுக்கினால் தண்ணீர் கொட்டுகிற ஒரு குழாய், எல்லாவற்றுக்கும் சோறு போடுவது அந்த ஒரு பேட்டரிதான்.

அது காலியானால் சார்ஜ் ஏற்ற காரைக்குடிக்கு வரும். சொர்ணவல்லியின் அப்பா ஆசைத்தம்பி பத்தரின் கடைக்கு.

அப்பா முன்பு தங்க வேலை செய்தவர். தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்து வேலை படுத்ததும், "திராவகம் எனக்குப் புதுசா?" என்று பேட்டரிக் கடை போட்டுவிட்டார். சொர்ணவல்லி பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். திராவகம் தெறித்து அவளுடைய பாவாடைகள் சல்லடையாகிவிட்டன. ஓட்டை இல்லாத பாவாடை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பள்ளிக்கூடத்துக்கு.

இந்த ஒரு மாதத்தில் ஆச்சி வண்டியின் பேட்டரி ஐந்து தடவை கடைக்கு வந்துவிட்டது. முதல் நான்கு தடவையும் அப்பா விடிய விடிய சார்ஜ் ஏற்றி அனுப்பினார். நான்கு தடவையும் ஐந்தாவது நாள் செத்துப்போய்த் திரும்பி வந்தது.

போன வாரம் டிரைவர் செம்மலை, கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"நம்ம பத்தர் பேட்டரியில கரண்டையா ஏத்துறாரு? கிணத்துத் தண்ணியையில்ல ஏத்துறாரு!"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. மறுநாள் இரண்டு டாக்சிக்காரர்கள் அப்பாவின் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். எப்போதும் தெருவைப் பார்த்து உட்காருகிற அப்பா, அன்று முதல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சொர்ணவல்லிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பேட்டரியை எடுத்துப்போக செம்மலை ஜீப்போடு வந்தபோது, "நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். நீ போய் மாட்டிட்டு வா" என்று அப்பா அவளை அனுப்பிவிட்டார். சுத்தத் தண்ணீர் பாட்டில், ஸ்பேனர், கொஞ்சம் வாசலின், ஒயர் மாட்டிய ஒரு பல்பு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

ஜீப்பில் வரும்போதே செம்மலையிடம் கேட்டாள்.

"அண்ணே, ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுடுவீகளா?"

"எல்லா லைட்டும் அணைச்சிடுவேன்."

"ஃபேன்?"

"அதுவும்தான்."

"தண்ணிக் குழாய்?"

"ஏத்தா, நான் என்ன சின்னப் புள்ளையா? எல்லாத்தையும் அணைச்சிட்டு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் படுக்கவே போவேன். கோளாறு உங்க பேட்டரியிலதான்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பேட்டரியும் நல்ல பேட்டரி. இவரும் நல்லவர். அப்புறம் கரண்ட் எங்கே போகிறது?

"பேட்டரியில கோளாறு இல்லை ஆச்சி" என்றாள் இப்போது. "அதுல ஆறு அறை இருக்கு. கண்ணாடிக் குழாயை விட்டு ஒவ்வொரு அறையிலயும் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்தோம். குழாய்க்குள்ளே ஒரு மிதவை இருக்கும். அது மேலே மிதந்தா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். முங்கிப்போனா பட்டினின்னு அர்த்தம்."

"ம்."

"பேட்டரிக்குச் சீக்குன்னா ஒரு அறை மட்டும் முங்கும், மத்த அஞ்சும் மிதக்கும். இது அப்படி இல்லை. ஆறும் ஒண்ணு போல முங்கிப் போயிருந்துச்சு. அப்ப பேட்டரிக்குச் சீக்கு இல்லை. யாரோ உட்கார்ந்து நிதானமாக் குடிச்சிருக்காக."

"குடிச்சிருக்காகளா? என் வண்டியிலயா? யாரு?"

"அதைத்தான் பார்க்கணும்னு கேட்கிறேன்."

ஆச்சி கோபத்துக்கும் ஆர்வத்துக்கும் நடுவில் நின்று யோசித்தார். ஆர்வம் ஜெயித்தது.

"சரி, பாரு. ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் பேட்டரி நின்னுச்சுன்னு வை, மதுரையில ஆள் விட்டு வேற பேட்டரி வாங்கிடுவேன். கார் வச்சிருக்கிற வீடு அத்தனைக்கும் உங்க கடைக்குப் போகாதீகன்னு சொல்லியும் விட்டுருவேன். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது ஆச்சி."

பையைத் திறந்தாள்.

முதலில் பேட்டரியைப் பெட்டியில் இறக்கினார்கள். செம்மலைதான் தூக்கினார். பேட்டரிக்கு மேலே இரண்டு ஈயக் குமிழ்கள். ஒரு குமிழில் ஒயரை மாட்டினாள். இன்னொரு குமிழில் மாட்டவில்லை. குமிழுக்கும் ஒயருக்கும் நடுவில், தான் கொண்டு வந்த பல்பை வைத்தாள்.

"டிரைவரண்ணே, உள்ளே போய் லைட், ஃபேன், குழாய், எல்லா சுவிட்சும் அணைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வாங்க."

செம்மலை ஏறிப் போனார். இறங்கி வந்தார். "எல்லாம் அணைஞ்சிருக்கு."

"யாரும் கரண்ட் குடிக்கலைன்னா இந்த பல்பு எரியாது ஆச்சி. யாராவது குடிச்சா, குடிக்கிற கரண்ட் இது வழியாத்தான் போகணும். அப்ப எரிஞ்சு காட்டிக் குடுத்துடும்."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சொர்ணவல்லி ஒயரைத் தொட வைத்தாள்.

பல்பு எரிந்தது. பிரமாதமாக இல்லை. தூக்கம் வருகிற கண் மாதிரி மங்கலாக, சிவப்பாக.

"அடி ஆத்தாடி!" என்றார் ஆச்சி.

செம்மலை மறுபடி உள்ளே ஓடினார். சுவிட்சுகளை டக் டக்கென்று போட்டு அணைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். "சத்தியமா எல்லாம் அணைஞ்சுதான் இருக்கு!"

"நான் பொய் சொன்னாலும் பல்பு சொல்லுமாண்ணே?" என்றாள் சொர்ணவல்லி. பல்பைக் கழற்றி ஒயரைக் குமிழில் நேராக மாட்டி முடுக்கினாள். பச்சைக் களிம்பு பூக்காமல் இருக்க மேலே வாசலின் தடவினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஆச்சியைப் பார்த்தாள்.

ஆச்சி படியைக் காட்டினார். "ஏறு."

உள்ளே அப்படி ஒரு வேடிக்கை. மேசையை மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெஞ்சை இழுத்தால் கட்டில் ஆனது. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, இழுப்பறைக்குள் எவர்சில்வர் டிபன் கேரியர். இந்தச் சாமான் எல்லாம் பினாங்கில் இருந்து வந்ததா, இல்லை டிபன் கேரியர் மட்டும் நம்ம ஊரா? கேட்க நூறு கேள்வி இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். வந்த வேலை வேறு.

"ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்கண்ணே. கதவையும்."

சாத்தினார். பகல் மூன்று மணிக்கு உள்ளே கும்மிருட்டு.

"என்னத்தா பண்ணப் போற, கண்ணாமூச்சியா?" என்றது இருட்டில் ஆச்சியின் குரல்.

"அசையாம இருங்க ஆச்சி. கண்ணு பழகட்டும்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். இருபது எண்ணுவதற்குள் தெரிந்துவிட்டது. அடுப்புக்கு மேலே சின்னதாக ஒரு மர அலமாரி. சாத்திய கதவின் இடுக்கில் நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

"அங்க பாருங்க. அது என்ன லைட்?"

"எது? அதுவா?" செம்மலை சிரித்தே விட்டார். "அது லைட் இல்லை புள்ள. அது சாமி விளக்கு!"

ஆச்சி அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு பிள்ளையார் படம். படத்துக்கு முன்னால் கட்டைவிரல் அளவில் ஒரு சிவப்பு பல்பு, ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் விளக்குத்தான் வச்சிருந்தேன். வண்டி ஆடுனதுல எண்ணெய் சிந்தி, திரையில தீப்பிடிக்கப் பார்த்துச்சு. அதான் செம்மலை இதை வச்சுக் குடுத்தான்" என்றார் ஆச்சி.

"இதுக்கு சுவிட்ச் எங்கண்ணே?"

"சாமி விளக்குக்கு எதுக்கு சுவிட்ச்?" செம்மலை நிஜமாகவே குழம்பிப் போனார். "சாமி விளக்கை யாராச்சும் கையால அணைப்பாகளா? தானாக் குளிர்ந்தாக் குளிரட்டும்னு நேரா பேட்டரியில இருந்து இழுத்து மாட்டிட்டேன்."

சொர்ணவல்லி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். பேட்டரி அறுபது ஆம்பியர்-மணி. இந்தக் குட்டி பல்பு ஒரு மணி நேரத்தில் அதில் அரை குடிக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. ஐந்து நாளைக்கு அறுபது. ஐந்தாம் நாள் பேட்டரி காலி. இம்மிகூடப் பிசகவில்லை!

சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தவள் ஆச்சியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஆச்சி அந்தச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சு நாளைக்கு ஒரு தடவை விடியக்காலம் எந்திரிச்சு வந்து திறந்தா, படம் இருட்டாக் கிடக்கும்" என்றார் மெதுவாக. "காசிக்குப் போற நேரத்துல இப்படி விளக்கு குளிர்ந்து போகுதேன்னு எனக்கு மனசே சரியில்லை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை."

சொர்ணவல்லிக்கு இது எதிர்பாராதது. அப்பாவின் பெயர் கெட்டதுதான் பெரிய சங்கடம் என்று நினைத்திருந்தாள். இந்த அம்மாளுக்கும் ஒன்று இருந்திருக்கிறது.

"அப்ப என் பேட்டரியை இத்தனை நாளா குடிச்சது பிள்ளையாரா?" ஆச்சி திடீரென்று கேட்டார்.

"ஐயோ, பிள்ளையார் இல்லை ஆச்சி! பல்பு!"

"பல்பை அவரு பேர்லதானேத்தா வச்சிருக்கு?"

சொர்ணவல்லி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆச்சிக்கும் முடியவில்லை. செம்மலை மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சுவிட்ச் வச்சுடவா ஆச்சி?" என்றார் தயங்கி.

"வச்சா யாரு அணைக்கிறது? நீ அணைப்பியா?"

செம்மலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வீட்டுக் கரண்ட்ல இருந்து ஒரு ஒயர் இழுத்துடலாமா?"

"காசி வரைக்கும் வீடு பின்னாடியே வருமாண்ணே?" என்றாள் சொர்ணவல்லி.

ஜன்னலைத் திறந்தார்கள். வெளிச்சம் வந்தது. சொர்ணவல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்காரலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. யோசிக்கும்போது அவளுக்கு அதெல்லாம் தோன்றாது.

"எண்ணெய் விளக்குன்னா எண்ணெய் குடிக்கும் இல்லையா ஆச்சி?"

"பின்னே?"

"அந்த எண்ணெயை எங்கிருந்து ஊத்துவீக? சமையல் எண்ணெய்ச் சட்டியில இருந்தா?"

"சீச்சீ. விளக்கெண்ணெய் தனி, சமையலெண்ணெய் தனி."

"அப்ப கரண்டும் தனியா இருக்கட்டும். எங்க கடையில ஒரு பழைய லாரி பேட்டரி கிடக்கு. லாரியைக் கிளப்ப அதுக்கு இனிமே தெம்பு இல்லை. அதனால யாருக்கும் வேணாம். ஆனா இந்தக் குட்டி பல்பு ஒண்ணுக்குன்னா நாலு நாள் தாங்கும். அதைப் பிள்ளையாருக்கு மட்டும் வச்சுடலாம். உங்க லைட்டு, ஃபேனுக்கு இந்தப் பேட்டரி."

"நாலு நாள் கழிச்சு?"

"போற வழியில எந்த ஊர்லயும் பேட்டரிக் கடை இருக்கும். நாலு நாள் ஆகுறதுக்கு முன்னாடி சார்ஜுக்குக் குடுத்துடுங்க. அது கடையில இருக்கிற பொழுதுக்கு மட்டும் விளக்கைப் பெரிய பேட்டரியில மாட்டிக்கிடலாம். முதல்ல விளக்குல பெரிய பேட்டரி ஒயரை மாட்டணும். அப்புறம்தான் பழைய பேட்டரியைக் கழட்டணும். மாத்திச் செஞ்சுடாதீகண்ணே. இப்படிச் செஞ்சா விளக்கு ஒரு நிமிஷம்கூடக் குளிராது."

"ஒரு நாள்கூடக் குளிராதா?"

"எண்ணெய் ஊத்த மறக்காத வரைக்கும் குளிராது ஆச்சி."

ஆச்சி அலமாரிக் கதவைச் சாத்தப் போனார். சாத்தாமல் திறந்தே விட்டார். "செம்மலை, இப்பவே போய் அந்தப் பேட்டரியைத் தூக்கிட்டு வா. வரும்போது திரும்பவும் இந்தப் புள்ளையைக் கூட்டிட்டு வா. அதுதான் வந்து மாட்டணும், நீ இல்லை." சொர்ணவல்லியைப் பார்த்தார். "கந்தரப்பம் சுட்டிருக்கு. ரெண்டு தின்னுட்டுக் கிளம்பு."

கந்தரப்பம்! வாசனை முன்பே வந்துவிட்டது. வாயிலும் ஊறிவிட்டது.

"திரும்பி வந்து திங்கிறேன் ஆச்சி. இப்பப் போனாத்தான் டீக்கடையில கூட்டம் இருக்கும்."

"டீக்கடையில உனக்கு என்ன வேலை?"

"எனக்கு இல்லை, டிரைவரண்ணனுக்கு. எங்க அப்பா கிணத்துத் தண்ணி ஏத்துறாருன்னு அவுக சொன்னது அங்கதான். பேட்டரி நல்ல பேட்டரிதான்னும் அங்கயே சொல்லணும்."

செம்மலையின் முகம் வெளிறிப்போனது. "இப்ப உன்கிட்ட வேணா சொல்லிடுறேன் புள்ள. உங்க அப்பாகிட்டயும் தனியாச் சொல்லிடுறேன்."

"நானும் அப்பாவும் அன்னைக்குச் சிரிக்கலையேண்ணே. சிரிச்சவுகளுக்குத்தான் சொல்லணும்."

செம்மலை ஆச்சியைப் பார்த்தார்.

"என்னைய ஏன்டா பார்க்கிற?" என்றார் ஆச்சி. "அது சொல்றதுல உள்ள நியாயத்தைப் பாரு."

செம்மலை தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. சொர்ணவல்லி அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தணித்துச் சொன்னாள்:

"தப்புப் பண்ணிட்டேன்னெல்லாம் சொல்ல வேணாம்ணே. சாமி விளக்கைப் பத்தியும் சொல்ல வேணாம். பத்தர் கடைப் பேட்டரி நல்ல பேட்டரின்னு ஒரு வார்த்தை, அது போதும். ஆனா அன்னைக்கு எவ்வளவு சத்தமோ அதே சத்தமாச் சொல்லணும்."

பையைத் தோளில் மாட்டினாள். படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, ஜீப் நிற்கும் பக்கமாக நடந்தாள். செம்மலை வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கையில் ஜீப் சாவி குலுங்குகிற சத்தம் அவளுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.